காலையும் இரவும் மாத்திரை கொடுத்தவர்

அவரிடம் ஒரு கேள்வியை முழுதாகக் கேட்டு முடித்ததாக எனக்கு நினைவில்லை. பாதியிலேயே பதில் வந்துவிடும். அவரிடம் கேட்டதற்கு மட்டுமல்ல, அவர் மனைவியிடம் கேட்டதற்கும் அவரே பதில் சொல்வார். சில நாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வேறு குழந்தையின் அம்மாவிடம் நான் எதையாவது கேட்டால் அதற்கும் அவர் வாய் திறந்துவிடும். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு, "உங்களையத்தான் கேட்டாங்க, நீங்க சொல்லுங்க" என்று அந்த அம்மாவிடம் சொல்வார்.

பேச்சுப் பயிற்சி படித்து முடித்து, சிங்காநல்லூரில் ஒரு சின்ன மையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அவிநாசியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். பேச்சு வராத குழந்தைகளுக்கும் வயதுக்கேற்ற பேச்சு இல்லாத குழந்தைகளுக்கும் பயிற்சி கொடுப்பது என் வேலை. எங்களை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பல்லடத்துக்குப் பக்கத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு வருவார். விசைத்தறி ஓட்டுகிறவர். குளித்துவிட்டு வெளுத்த சட்டை போட்டு வந்தாலும் புருவத்தில் எங்காவது பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். குரல் சத்தமாக இருக்கும். எங்கள் மையத்தில் எல்லாரும் மெதுவாகப் பேசுவதால் அவர் வந்தால் வாசலிலேயே தெரிந்துவிடும்.

மகன் கவினுக்கு அப்போது மூன்றரை வயது. எல்லாவற்றுக்கும் "ம்மா" ஒன்றுதான். தண்ணீருக்கும் அது, பந்துக்கும் அது, நாய்க்கும் அது. இரண்டு வயது தாண்டித்தான் நடந்திருக்கிறான். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் ஈரத்துணி மாதிரி நழுவுவான். மூட்டெல்லாம் அவ்வளவு இளக்கம். மூக்குத் தண்டு தட்டையாக, மேலுதடு மெல்லிய கோடாக இருக்கும். பிள்ளையின் முகவாகே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் அம்மா சுகந்தி ஒல்லியான பெண், இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். இடது முழங்கைக்குக் கீழே பழைய தீக்காயத் தழும்பு ஒன்று கையைச் சுற்றி இருக்கும்.

முதல் நாள் வழக்கமான படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேள்விகள் கேட்டேன். எத்தனை மாதத்தில் தலை நின்றது, எப்போது உட்கார்ந்தான், வீட்டில் யாருக்காவது காது கேளாமை உண்டா. எல்லாவற்றுக்கும் அவர்தான் பதில் சொன்னார். நடுவில் கவின் எழுந்து வராந்தாவுக்கு ஓட, சுகந்தி பின்னால் ஓடினாள். அடுத்த கேள்வி, கர்ப்ப காலத்தில் தாய் சாப்பிட்ட மருந்துகள். "கர்ப்பமா இருக்கறப்ப" என்று ஆரம்பித்தேன்.

"சத்து மாத்திரை மட்டுந்தானுங்க" என்றார்.

நானும் அதையே எழுதினேன்.

முதல் ஒரு மாதம் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்று சொல்வதைவிட, அவரைப் பார்த்தால் ஒரு பயம் இருந்தது என்று சொல்வதுதான் சரி. தெருவில் நடக்கும்போது மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேதான் நடப்பார். அவள் மாடிப்படி ஏறினால் ஒரு படி பின்னால் ஏறுவார், இறங்கினால் ஒரு படி முன்னால் இறங்குவார். அவள் எங்கே உட்கார்ந்தாலும் அவளைப் பார்க்கிற மாதிரிதான் உட்காருவார். ஒருநாள் மையத்தில் சுத்தம் செய்கிற அக்கா என்னிடம் வந்து கோபமாகச் சொன்னார்: அந்த ஆள் பெண்கள் கழிப்பறை வாசலில் நின்றுகொண்டிருக்கிறாராம், உள்ளே போன பெண்டாட்டியைத் தாழ்ப்பாள் போடக் கூடாது என்கிறாராம். நான் போய்ப் பார்த்தபோது கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. கைப்பிடியைப் பிடித்தபடி, யாரும் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும், நான் கேட்பதற்கு முன்பே, "இதா ஆச்சுங்க, ஆச்சுங்க" என்றார்.

மையத்தை நடத்திய மேடத்திடம் இதைச் சொன்னேன். அவர், அந்தக் கைத் தழும்பைப் பற்றித் தனியாக இருக்கும்போது கேட்டுப் பார் என்றார். அவர் மனத்தில் ஓடியதுதான் என் மனத்திலும் ஓடியது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு, சுகந்தியை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். கவின் தரையில் சோப்புக் குமிழிகளைத் துரத்திக்கொண்டிருந்தான். தணிந்த குரலில், "ஏனுங்க்கா, கையில இது எப்படி" என்று கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது.

"அடுப்புல சுட்டுக்கிட்டதுங்க டீச்சர். கண்ணாலத்துக்கு முன்னால, அவங்கம்மா ஊட்டுல" என்றார் அவர்.

 சாத்திய கதவுக்கு வெளியே பத்தடி தூரத்தில் இருந்தவருக்கு இது எப்படிக் கேட்டது? சுகந்திதான் சிரித்தாள். அங்கிருந்து அவருக்கு ஒன்றும் கேட்காது, வாயைப் பார்த்துப் பேச்சைப் படித்துவிடுவார் என்றாள். பதினான்கு வயதில் தறிக்குடோனில் வேலைக்குப் போனவர். முப்பது தறி ஒரே நேரத்தில் ஓடும் இடத்தில் யார் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் எல்லாரும் பேசிக்கொள்வார்கள். அதில் காதும் பாதி மந்தமாகிவிட்டது. கேள்வியின் முதல் சொல் உதட்டில் உருவாகும்போதே மீதி என்ன என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

அன்றைக்கு எனக்குப் பாதி நிம்மதி வந்தது. தழும்பு உண்மையிலேயே அடுப்பில் சுட்டதுதான் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. கவினுக்குப் பயிற்சி கொடுப்பதில் அவர்தான் எனக்குப் பெரிய துணையாகவும் ஆனார். அறையின் இந்தக் கோடியில் நின்று, குரலே இல்லாமல், "கண்ணு, பந்து" என்று உதட்டை அசைப்பார். அந்தக் கோடியில் இருக்கிற கவின் விளையாட்டை விட்டுவிட்டு அவர் வாயையே பார்ப்பான். என் முகத்தைப் பார்க்க வைக்கவே நான் வாரக்கணக்கில் பாடுபட்டுக்கொண்டிருந்த பிள்ளை அவன்.

வீட்டில் அவர் செய்து வைத்திருப்பதையெல்லாம் சுகந்தி ஒருமுறை சொன்னாள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்டுவிட்டார். கட்டில், பெஞ்சு, அம்மிக்கல் வரை கூரான விளிம்புள்ள எல்லாவற்றிலும் கழிவு நூலைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். சமையல் அவள் செய்யலாம், ஆனால் அவரோ மாமியாரோ பக்கத்தில் இருக்கும்போதுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். கவினுக்காக என்று நினைத்துக்கொண்டு, குழந்தைக்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை என்று சொன்னேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வராந்தாவிலிருந்து அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, பேசாமல் இருந்துவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் கரணம்பேட்டையில் நின்றுவிட்டதாம். வேறு பஸ் பிடித்து, காலைச் சாப்பாடு இல்லாமல் ஓடி வந்தார்கள். அவர் கீழே போய் இட்லி வாங்கி வந்து என் அறையிலேயே பொட்டலத்தைப் பிரித்துவைத்தார். அவள் இரண்டு இட்லி சாப்பிட்டதும் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, கடைசி மாத்திரையைப் பிதுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவள் விழுங்கும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலியான அட்டையை மடித்து என் குப்பைக்கூடையில் போட்டார். இதையெல்லாம் நான் பார்த்தேன், ஆனால் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. நேரமாகிவிட்டதே என்ற அவசரம் எனக்கு.

மத்தியானம் அவர்கள் போன பிறகு குப்பைக்கூடையில் அந்த அட்டை மேலாகவே கிடந்தது. எடுத்துப் படித்தேன். சோடியம் வால்ப்ரோயேட். வலிப்புக்குக் கொடுக்கிற மருந்து. கல்லூரியில் ஒரு வகுப்பில், பேச்சுத் தாமதத்துக்கான காரணங்களைப் பட்டியல் போட்டபோது, இந்தப் பெயரை ஆசிரியை ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனது ஞாபகம் வந்தது. தாய் கர்ப்ப காலத்தில் இதைச் சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம். எல்லாப் பிள்ளைகளையும் அல்ல, சிலரை. அப்படிப் பாதித்தால் பேச்சு தாமதமாகும், நடை தாமதமாகும், படிப்பு சிரமமாகும். மீதியைப் புத்தகத்தில் தேடிப் படித்தேன். இளகிய மூட்டுகள், தட்டையான மூக்குத் தண்டு, மெல்லிய மேலுதடு. படிக்கப் படிக்கக் கவினின் முகம் ஒவ்வொரு வரியிலும் வந்துகொண்டே இருந்தது.

தாழ்ப்பாள், மணிக்கட்டு, கழிவு நூல், அடுப்பு எல்லாவற்றுக்கும் அப்போது அர்த்தம் புரிந்தது. 'சத்து மாத்திரை மட்டுந்தானுங்க' என்ற பதிலுக்கு மட்டும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை சுகந்தியும் கவினும் விளையாட்டு அறையில் இருந்தபோது, அவர்களுக்குக் கேட்காதபடி அவரை ஓரமாகக் கூப்பிட்டேன். அட்டையை மேசைமேல் வைத்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் உடனே பதில் சொல்லாமல் இருந்தார். அப்புறம், "தெரியுமுங்க" என்றார்.

கவினுக்கு இரண்டு வயதானபோது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார்கள். அங்கிருந்த டாக்டர் குழந்தையைப் பார்த்த உடனே, அம்மாவுக்கு வலிப்பு மாத்திரை உண்டா என்று கேட்டிருக்கிறார். சுகந்தி அப்போது வெளியே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த மாத்திரையால் வந்ததாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு என்றும், அடுத்த குழந்தைக்கு முன்னால் மருந்தை மாற்றியே ஆக வேண்டும் என்றும், மனைவியை உள்ளே கூப்பிடுங்கள் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். கூப்பிடுகிறேன் என்று வெளியே வந்தவர் அப்படியே அவர்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அதன்பிறகு அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த தாளைக் கோப்பிலிருந்து எடுத்துப் பர்ஸில் நான்காக மடித்து வைத்திருந்தார். எனக்குக் காட்டினார். மடிப்புகளில் எழுத்து அழிந்திருந்தது.

அவள் மனசு உடைந்துவிடும் என்று மறைத்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அவ வேண்டாமுன்னு சொன்னாளுங்க டீச்சர். வகுத்துல புள்ளை இருக்கையில மாத்திரை எதுக்குன்னு அழுதா. நாந்தான் கேக்கலை. காலையிலயும் ராத்திரியும் நானே கையில குடுத்து, முழுங்கறவரைக்கும் பக்கத்துலயே நின்னேனுங்க. ஒரு நாளு தப்பலை."

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதையும் சொன்னார். திருமணமான மூன்றாவது வாரம் அவள் வலிப்பு வந்து தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் விழுந்து முகம் தண்ணீருக்குள் போய்விட்டது. ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் அவள் இல்லை. அவர்தான் டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக்கொடுத்தார். அதன்பின் ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை. கர்ப்பமானபோது அந்த ஊர் டாக்டரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார். அதில் தவறும் இல்லை. திடீரென்று நிறுத்தினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. வேறு மாத்திரைக்கு முன்கூட்டியே மாற்றியிருக்கலாம் என்பதை மட்டும் அப்போது யாரும் சொல்லவில்லை.

இதைச் சொன்னபோது, மருந்து பற்றிப் பேசுவது என் வேலை இல்லை என்று மேடம் எனக்குக் கண்டிப்பாகச் சொன்னார். நரம்பியல் டாக்டரிடம் இருவரையும் அனுப்பு, அவர்கள் பேசட்டும் என்றார். கவினின் அப்பாவிடம் டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் போகிறோம் என்றார். அடுத்த வாரம் கேட்டேன். குடோனில் லீவு கிடைக்கவில்லை, வரும் வாரம் என்றார். ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் அவர் உள்ளே நுழையும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வர்ற வாரமுங்க" என்பார். இப்படி ஆறு வாரம் போயிற்று.  சுகந்தி என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் திருடி மாதிரி இருந்தது. அவள் உடம்புக்குள் போகிற ஒன்றைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்கிறது, அவருக்குத் தெரிந்திருக்கிறது, மேடத்துக்கும் தெரிந்திருக்கிறது. அவளுக்கு மட்டும் தெரியாது.

ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை கவினுக்கு நான் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து குனிந்து, காதோடு சொன்னாள். ஒன்பது நாள் தள்ளிப்போயிருக்கிறதாம். இன்னும் அவரிடம்கூடச் சொல்லவில்லையாம். "இவனுக்குத் துணைக்கு ஒண்ணு வந்துட்டா இவனும் சேந்து பேசிப் பழகிக்குவானில்லீங்க" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

 எழுந்து போய் அவரை உள்ளே கூப்பிட்டேன். கவினை இன்னொரு டீச்சரிடம் விட்டேன். மேடத்திடம் கேட்டுக்கொள்ளவில்லை. பழைய படிவத்தை எடுத்து விரித்துவைத்துக்கொண்டு, அவளை நேராகப் பார்த்து, கவின் வயிற்றில் இருந்தபோது என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அவர் வாய் திறந்தது.

"அண்ணா, அவங்க சொல்லட்டுமுங்க" என்றேன்.

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரும்புச்சத்து மாத்திரை, அப்புறம் எப்போதும் போடுகிற ஃபிட்ஸ் மாத்திரை என்றாள். எதற்குக் கேட்கிறீர்கள் என்றாள்.  அவரைப் பார்த்தேன். அவர் பர்ஸை எடுத்தார். தாளைப் பிரித்து அவள் மடியில் வைத்தார். அதில் இருந்த ஆங்கிலம் அவளுக்குப் புரியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் தமிழில் அவரே சொன்னார். சத்தமாகப் பேசுகிற மனிதர் அன்றைக்குக் கிட்டத்தட்டக் குரலே இல்லாமல் பேசினார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அழவில்லை. அவரைப் பார்த்துக் கேட்டாள்: "ரெண்டு வயசுலயே தெரியுமா உங்களுக்கு?"

"ஆமா, அம்மணி."

"அப்பறம் இத்தன நாளும் எப்படிக் குடுத்தீங்க?"

 நான் அறிந்து அவர் பதில் சொல்லாமல் விட்ட ஒரே கேள்வி அதுதான். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, டாக்டரைப் பார்க்கும்வரை போட்டே ஆக வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் தலையாட்டினாள். மறுநாளே பார்க்க முடியுமா என்று டாக்டர் அறைக்கு ஃபோன் செய்தேன். வெள்ளிக்கிழமை காலைதான் கிடைத்தது. நடுவில் இரண்டு நாள்தானே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் என்னை நான் திட்டிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவரிடமிருந்து ஃபோன் வந்தது. எடுத்ததும், "உளுந்துபோட்டாளுங்க டீச்சர்" என்றார். டாக்டரைப் பார்க்கக் கிளம்பி, பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது விழுந்திருக்கிறாள். அவர் வழக்கம்போல மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். ஆனால் அன்றைக்கு அவள் கையை உதறிவிட்டுத் தள்ளி நின்றிருக்கிறாள். விழுந்தபோது கவினும் பக்கத்தில் இருந்தான். செவ்வாய் இரவிலிருந்து அவர் கொடுத்த ஒவ்வொரு மாத்திரையையும் வாங்கி வாய்க்குள் ஒதுக்கி, அப்புறம் துப்பியிருக்கிறாள். தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்த மனிதரை அவள் ஏமாற்றியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முகவாயில் தையல் போட்டிருந்தார்கள். ஒரு முன்பல் பாதி உடைந்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தது. நாள் வெறுமனே தள்ளிப்போயிருக்கிறது. அதைக் கேட்டு அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.  அவர் சொல்லாமல் இருந்தது தவறு என்று ஆறு வாரம் அவரை நெருக்கினேன். சொன்ன மூன்றாம் நாள் அவள் தார்ரோட்டில் விழுந்து கிடந்தாள். கவின் மட்டும் கட்டிலில் ஏறி அவள் தையலைத் தொட்டுப் பார்த்து, "ம்மா" என்றான். அன்றைக்கு அது அம்மாவைத்தான் குறித்தது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது மட்டும்தான்.

நரம்பியல் டாக்டர் வயதான பெண். இருவரையும் எதிரே உட்காரவைத்து, மாத்திரையைத் தானாக நிறுத்தியதற்கு அவளையும், மறைத்ததற்கு அவரையும் சேர்த்துக் கண்டித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். புது மாத்திரையைச் சிறிய அளவில் தொடங்க வேண்டும், பழையதை மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும், நடுவில் வலிப்பு வரலாம், வந்தால் பயந்து பழையதற்கே திரும்பிவிடக் கூடாது. இந்தப் பிள்ளைக்கு வந்ததில் உங்கள் இருவர் பேரிலும் குற்றமில்லை என்றும் சொன்னார். அடுத்த குழந்தை எப்போது வேண்டும் என்று கேட்டபோது அவர் வாயைத் திறந்து, உடனே மூடிக்கொண்டார். இவன் பேசட்டும், அதுவரைக்கும் வேண்டாம் என்று சுகந்தியே சொன்னாள். இனிமேல் மாத்திரையையும் தானே எடுத்துப் போட்டுக்கொள்வதாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகான எட்டு மாதமும் அவர் இளைத்துக்கொண்டே போனார். மருந்து மாறிய காலத்தில் அவளுக்கு இரண்டுமுறை வலிப்பு வந்தது. ஒருமுறை வீட்டில், ஒருமுறை எங்கள் மையத்தின் மாடிப்படியில். அன்றைக்கு ஒரு படி முன்னால் இறங்கிக்கொண்டிருந்த அவர்மேல் சாய்ந்ததால் அடிபடவில்லை. மாத்திரையைப் போட்டாயா என்று கேட்கக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். அதனால் கேட்காமல், அவள் மாத்திரை டப்பாவைத் திறக்கும் நேரத்தில் எங்காவது பக்கத்தில் நின்றுகொண்டு உத்தரத்தைப் பார்ப்பாராம். இதை அவள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் அவரிடம் மறுபடியும் சரியாகப் பேச ஆரம்பித்தது அந்த மாடிப்படி நாளுக்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன். அவள் அதைச் சொல்லவில்லை. அவர் கையை அவளே பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தேன்.

கவினுக்கு ஒரு விசித்திரமான சிக்கல் இருந்தது. அவன் அப்பாவைப் பார்த்துப் பார்த்து உதட்டை அழகாக அசைக்கக் கற்றுக்கொண்டான். பந்து, பால், வா, போ எல்லாம் உதட்டில் வரும். குரல் வராது. பேச்சென்றால் இதுதான் என்று நினைத்துவிட்டான். நான் அவன் கையை எடுத்து அப்பாவின் தொண்டையில் வைத்து, அவரைச் சத்தமாகப் பேசச் சொன்னேன். அது அவருக்குச் சிரமமே இல்லை. பஸ் ஸ்டாண்டில் கூவுகிற கண்டக்டர் மாதிரி, "பல்லடம், பல்லடம்" என்று கத்துவார். கவின் அந்த அதிர்வைப் பிடித்துக்கொண்டு கண்ணை அகலத் திறந்து நிற்பான். வாரக்கணக்கில் இதையே செய்தோம். ஐந்து வயது ஆகப்போகும்போது ஒரு செவ்வாய்க்கிழமை, கையை அவர் தொண்டையிலிருந்து எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, "ப்பல்லம்" என்றான். அவர் வெளியே போய்விட்டார். சுத்தம் செய்கிற அக்காதான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது என்னிடம் ஓர் அறிக்கை கேட்டார்கள். பேச்சும் படிப்பும் மெதுவாகத்தான் வரும், கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும், கைவிரல்கள் தளர்வாக இருப்பதால் எழுதக் கஷ்டப்படுவான் என்றெல்லாம் எழுதினேன். காரணம் என்ற இடத்தை வெறுமனே விட்டிருந்தேன். சுகந்தி அதைப் பார்த்துவிட்டு, அதையும் எழுதச் சொன்னாள். டாக்டர் தாள் இருக்கிறது, அதைப் பார்த்து எழுதுங்கள் என்றாள். அவர் வேண்டாம் என்றார். பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கு அது எதற்கு என்றார்.

"அவங்களுக்கு இல்லீங்க. நாளைக்கு இவனே படிப்பானில்ல. அப்ப இவனுக்குத் தெரியோணும்" என்றாள் அவள்.

எழுதினேன். பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில் அவள் முதலில் போட்டாள். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போட்டார். அதன்பின் அவள் கவினைக் கூட்டிக்கொண்டு முன்னால் இறங்கிப் போனாள். அவர் பின்தங்கி நின்று, என்னிடம் கேட்டார்.

"படிச்சுப்போட்டு, ஏனுங்கப்பா எனக்கு இப்படின்னு அவன் கேட்டா, நான் என்னங்க டீச்சர் சொல்றது?"

உண்மையைச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை என் வாய்வரை வந்தது. என் உதடு அசைவதற்காக அவர் காத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. ஒருமுறை அதைச் சொல்லவைத்து அதன் பலனைப் பார்த்தவள் நான். தெரியவில்லை அண்ணா என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, அவர்களைப் பிடிக்க வேகமாகப் படியிறங்கினார்.

அதற்குப் பிறகு அவர்கள் மையத்துக்கு வரவேண்டிய தேவை இருக்கவில்லை. நானும் வேறு இடத்துக்கு வேலை மாறிவிட்டேன். ஆனால் வருடத்தில் இரண்டு மூன்று தடவை ஃபோன் செய்வார். அவளுக்கு இப்போது வலிப்பு இல்லை. இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். அதை அவருடைய அம்மாவிடம் சொல்லுகிற வேலையை மட்டும் சுகந்தி அவருக்கே விட்டுவிட்டாளாம். கவினுக்குப் பதினொரு வயது. முழு வாக்கியமாகப் பேசுகிறான், சில சொற்கள் திக்கும். கணக்கு வரவில்லை. சட்டைப் பொத்தானை இப்போதுதான் தானாகப் போடக் கற்றுக்கொண்டிருக்கிறான். வகுப்பில் மற்ற பிள்ளைகள் எழுதுவதையும் தான் எழுதுவதையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்திருக்கிறானாம்.

சென்ற மாதம் பேசியபோது எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, ஃபோனை வைக்காமல் இருந்தார். பின்னால் தறிகள் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஃபோனில் என் உதடு அவருக்குத் தெரியாது. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

"அவன் இன்னும் கேக்கலீங்க டீச்சர்" என்றார்.